காலும் காலும் கால்

தமிழில் டியூஷனுக்கு மூன்று வினைச்சொற்கள் உண்டு. அப்பா டியூஷன் 'வைக்கிறார்'. வாத்தியார் டியூஷன் 'எடுக்கிறார்'. பையன் டியூஷன் 'போகிறான்'. கவனித்துப் பார்த்தால் மூன்றிலும் 'படிப்பது' வரவில்லை. இதே மூன்றும் அடகுக்கடைக்கும் பொருந்தும் என்றார் எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பையனின் பிளஸ் டூ டியூஷனுக்காக மனைவியின் வளையல் நிஜமாகவே 'வைக்க'ப்பட்டிருந்தது. அதை எப்போது 'எடுக்க'ப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

எனவே இந்த வாரம் டியூஷன். குறிப்பாக, பதினொன்றாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கான கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி டியூஷன்.

★

விடியற்காலை ஐந்து மணிக்கு எந்த ஊரிலும் விழித்திருப்பவர்கள் மூன்றே வகை. பால்காரர், சர்க்கரை நோய்க்காக வாக்கிங் போகிறவர், பிளஸ் டூ மாணவன். முதல் இருவருக்காவது தாங்கள் எதற்காக எழுந்தோம் என்று தெரியும்.

நல்ல டியூஷன் வாத்தியாரைக் கண்டுபிடிக்க போர்டு தேவையில்லை. வாசலில் செருப்பு கிடக்கும். எண்ணி இரண்டால் வகுத்தால் ஒரு பேட்ச்சின் பலம். அதை மாதக் கட்டணத்தால் பெருக்கினால் வரும் தொகையை நம் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது. அன்றைக்கு ஆபீஸ் வேலை ஓடாது.

இது நம் தெருவின் கதை மட்டுமில்லை. மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு 2025-ல் கல்விச் செலவு பற்றி வெளியிட்ட கணக்கின்படி, நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் நூற்றுக்கு 27 பேர் தனிப்பயிற்சிக்குப் போகிறார்கள். நகரத்தில் 30.7, கிராமத்தில் 25.5. இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி எவ்வளவு சின்னது பாருங்கள். பஸ் போகாத ஊருக்குக்கூட டியூஷன் போய்ச் சேர்ந்துவிட்டது.

★

எப்படி வந்தது இந்தப் பசி? தமிழ்நாட்டில் 1978-ல் பி.யு.சி.யை எடுத்துவிட்டு பிளஸ் டூ கொண்டுவந்தார்கள். அதுவரை காலேஜ் வாசலில் நடந்த தள்ளுமுள்ளு பள்ளிக்கூடத்துக்கு இடம் மாறியது. 1984-ல் இன்ஜினீயரிங், மெடிக்கலுக்கு நுழைவுத்தேர்வு வந்தது. பிளஸ் டூவுக்கு ஒரு டியூஷன், என்ட்ரன்ஸுக்கு ஒரு கோச்சிங் என்று வீட்டு பட்ஜெட்டில் இரண்டு வரிகள் ஏறின. 2006-ல் சட்டம் போட்டு அந்தத் தேர்வை எடுத்தார்கள். 2007 அட்மிஷனிலிருந்து பிளஸ் டூ மார்க்கே எல்லாம் என்று ஆனது. கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். 2017-லிருந்து மெடிக்கலுக்கு நீட். 2025 நீட்டில் 180 கேள்விக்கு 180 நிமிஷம். தப்பாக ஷேட் செய்தால் உள்ளதிலிருந்து ஒரு மார்க் பிடுங்கிக்கொள்வார்கள்.

தேர்வு வந்தாலும் டியூஷன் பெருகியது, போனாலும் பெருகியது. வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் குடை விற்கிற மாதிரி. காரணம் எளிது. சீட்டு குறைவு, ஆள் அதிகம் என்கிற இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குவது மட்டும் போதாது. பக்கத்து வீட்டுப் பையனைவிட அரை மார்க் கூட வேண்டும். அவன் டியூஷன் போனால் நம் பையனும் போக வேண்டும். நம் பையன் போவது தெரிந்தால் அவன் இரண்டு டியூஷன் போவான். சினிமாக் கொட்டகையில் முன் வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவர்களும் நிற்க வேண்டியதுதான். கடைசியில் எல்லோரும் நின்றுகொண்டு அதே படத்தைத்தான் பார்க்கிறோம். கால் மட்டும் வலிக்கிறது.

இதைத் தடை போட்டு நிறுத்தப் பார்த்தவர்களும் உண்டு. தென்கொரியா 1980-ல் தனிப்பயிற்சிக்குத் தடை போட்டது. டியூஷன் ரகசியமாக நடந்தது. 2000-த்தில் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், தடை செல்லாது என்று சொல்லிவிட்டது. பிறகு சியோல் நகரத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் கோச்சிங் வகுப்பு கூடாது என்று விதி வந்தது. பிள்ளையைப் படிக்காதே என்று அதட்ட அரசாங்கம் ஆள் அனுப்ப வேண்டிய நிலைமை!

★

ரேங்க் பைத்தியம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 'ட்ரைப்பாஸ்' என்று ஒரு கணிதத் தேர்வு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதில் முதலிடம் பிடிப்பவர் ஏறக்குறைய ஒரு சினிமா நட்சத்திரம். அங்கேயும் கல்லூரி லெக்சர் போதாது என்று தனியாகக் காசு கொடுத்து டியூஷன் வைத்துக்கொண்டார்கள். வில்லியம் ஹாப்கின்ஸ் என்பவர் பெரிய டியூஷன் மாஸ்டர். 1854-ல் அவரிடம் படித்த இரண்டு பேர் முதல் இரண்டு ரேங்க்.

முதல் ரேங்க் எட்வர்ட் ரவுத். இரண்டாவது ரேங்க், ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்.

மேக்ஸ்வெல் யார் என்று பிளஸ் டூ பிசிக்ஸ் புத்தகத்தைத் திறந்தால் தெரியும். மின்காந்த அலைகள் பாடத்தில் அவர் சமன்பாடுகள் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் செல்போன் பேசுவது அவர் புண்ணியத்தில். முதல் ரேங்க் வாங்கிய ரவுத் என்ன ஆனார்? கேம்பிரிட்ஜிலேயே புகழ்பெற்ற டியூஷன் மாஸ்டர் ஆனார்! இருபத்தைந்துக்கும் மேற்பட்ட முதல் ரேங்க்காரர்களை உருவாக்கினார். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. ரவுத்-ஹர்விட்ஸ் சோதனையை கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் எழுதிய இன்ஜினீயர்கள் எழுந்து நின்று ஒரு வணக்கம் வைக்கலாம். ஆனாலும், இரண்டாவதாக வந்தவன் வாழ்க்கை முடிந்துபோகவில்லை என்பதை எந்த டியூஷன் சென்டரும் போஸ்டரில் போடுவதில்லை.

அந்த ரேங்க் வரிசையைப் படிக்கும் வழக்கத்தை கேம்பிரிட்ஜ் 1909-ஓடு விட்டது. தமிழ்நாட்டில் பிளஸ் டூவுக்கு மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-ல் நிறுத்தினார்கள். நடுவே சரியாக 108 வருஷம். ஒரு சுற்று முடிந்தது போலிருக்கிறது.

★

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், மாயவரத்தில் ஒரு மொட்டை மாடிக் கீற்றுக் கொட்டகையில் நானும் டியூஷன் எடுத்தேன். தலைக்கு எழுபத்தைந்து ரூபாய். மூன்று பையன்கள். அதில் ஒருவனுக்கு மாதா மாதம் எழுபத்தைந்து வராது, கீரைக்கட்டு வரும்.

அவன்தான் எனக்குப் பாடம் நடத்தினான். பிளஸ் டூ. தொகை நுண்கணிதம், அதாவது இன்டெக்ரேஷன், வரவில்லை என்று வந்தான். பகுதிப் பின்னங்களாகப் பிரித்துப் போடும் கணக்கு. நான் போட்டுக் காட்டினேன். "புரியுதாடா?" "புரியுது சார்." மறுநாள் போடச் சொன்னால் தப்பு. மறுபடி போட்டுக் காட்டினேன். "புரியுதாடா?" "நல்லாப் புரியுது சார்." மறுபடி தப்பு.

உலகத்திலேயே அதிகமாகச் சொல்லப்படும் பொய் 'புரியுது சார்'தான். அது பொய் என்பதுகூட சொல்பவனுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் சாக்பீஸை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் பாயில் உட்கார்ந்தேன். "நீ வாத்தியார். நான் மக்குப் பையன். ஒவ்வொரு வரியும் ஏன்னு சொல்லிட்டே போடு" என்றேன். வெட்கப்பட்டான். அப்புறம் ஆரம்பித்தான். இன்டெக்ரேஷன் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கடைசியில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்ட வேண்டிய இடம். மேலே ஒன்றும் ஒன்றும் ரெண்டு, கீழே ரெண்டும் மூணும் அஞ்சு. ஐந்தில் இரண்டு என்று எழுதினான்.

"ஏண்டா, அரைத் தோசை சாப்பிட்டே. அப்புறம் மூணில ஒரு பங்கு தோசையும் சாப்பிட்டே. மொத்தம் அஞ்சில ரெண்டுங்கறே. அது அரைத் தோசையைவிடக் கம்மியாச்சே?"

யோசித்தான். "நடுவுல யாரோ பிடுங்கிட்டாங்க சார்."

யாரோ நிஜமாகவே பிடுங்கித்தான் இருந்தார்கள். ஐந்தாவதிலோ ஆறாவதிலோ, பின்னம் நடத்திய வாரத்தில் அவனுக்கு அம்மை போட்டிருந்ததாம். திரும்பி வந்தபோது வகுப்பு தசமத்துக்குப் போயிருந்தது. அன்றிலிருந்து பின்னம் வருகிற இடத்திலெல்லாம் மனப்பாடம் செய்தே ஓட்டியிருக்கிறான். ஆறேழு வருஷம், எத்தனையோ ஆசிரியர்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. அறுபது பேர் வகுப்பில் எப்படித் தெரியும்? பின்னத்துக்கு இரண்டு சாயங்காலம் ஆயிற்று. அதற்கப்புறம் இன்டெக்ரேஷனுக்கு நான் தேவைப்படவே இல்லை.

கணக்கில் ஒரு விசேஷம் இதுதான். இடிந்திருப்பது மாடி. விரிசல் இருப்பது அஸ்திவாரத்தில். பிளஸ் ஒன் பாடத்தைப் பல பள்ளிகள் முழுங்கிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அதைத் தடுக்கத்தான் 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் பப்ளிக் எக்ஸாம் கொண்டுவந்தார்கள். 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. எடுத்தது நல்லதா என்று பெரியவர்கள் விவாதிக்கட்டும். கால்குலஸின் முதல் செங்கல் பிளஸ் ஒன்னில் இருக்கிறது என்பது மட்டும் விவாதத்துக்கு அப்பாற்பட்டது.

★

பிசிக்ஸிலும் இதே கதைதான். உங்களுக்கே ஒரு சின்ன டெஸ்ட். ஒரு கல்லை நேரே மேலே எறிகிறீர்கள். உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்று திரும்புகிறது. அந்தக் கணத்தில் அதன் வேகம் பூஜ்யம். முடுக்கம் எவ்வளவு?

'பூஜ்யம்' என்று சொன்னவர்கள் கையைத் தூக்குங்கள். கூட்டம் ஜாஸ்தியாக இருக்கும் என்று தெரியும். வேகமும் பூஜ்யம், முடுக்கமும் பூஜ்யம் என்றால் கல் அங்கேயே தொங்கிக்கொண்டு இருக்க வேண்டும். உச்சியிலும் புவியீர்ப்பு விடுமுறை எடுப்பதில்லை. அதே 9.8தான்.

இந்தப் பாடத்தில் சென்டம் வாங்கிய பையனும் இந்தக் கேள்வியில் விழுவான். ஃபார்முலா தெரியும், கணக்குப் போடுவான், விடை வரும். ஆனால் கல் மேலே என்ன செய்கிறது என்று அவனை யாரும் கேட்டதில்லை. சொல்லிக்கொடுத்தார்கள். கேட்கவில்லை.

★

கேட்காமல் சொல்வதிலும் ரகங்கள் உண்டு. ஸ்ரீனிவாச ராமானுஜனிடம் டியூஷன் படித்த ஒருவரின் கதை, அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. எஃப்.ஏ. தேறாமல், வேலையில்லாமல், மெட்ராஸில் சாப்பாட்டுக்கே அல்லாடிய நாட்களில் ராமானுஜன் கல்லூரி மாணவர்களுக்குக் கணக்கு சொல்லித்தந்திருக்கிறார். பி.ஏ. படித்த ஒருவர் டிஃபரன்ஷியல் கால்குலஸ் கற்க வந்தார். ராமானுஜன் முடிவிலி, நுண்ணளவு என்று பேசிக்கொண்டே இருந்தாராம். இது பரீட்சைக்கு உதவாது என்று இரண்டே வாரத்தில் மாணவர் நின்றுகொண்டார்.

இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் அந்த மாணவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவருக்குப் பரீட்சை இருந்தது. பரீட்சை நிஜம். அதில் கிடைக்கும் சீட் நிஜம். அந்த சீட்டால் ஒரு குடும்பம் ஒண்டுக்குடித்தனத்திலிருந்து வெளியே வருவதும் நிஜம். 'மார்க்கா முக்கியம், அறிவுதானே முக்கியம்' என்று மேடையில் பேசுகிறவர்கள் எல்லோரும் மார்க் வாங்கி முடித்தவர்கள்.

இன்னொரு வேடிக்கை. ராமானுஜனை இளவயதில் கணிதப் பித்துப் பிடிக்க வைத்த புத்தகம் ஜி.எஸ். கார் எழுதிய தொகுப்பு. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், விளக்கம் மிகக் குறைவு. அந்த கார் யார்? லண்டனில் பரீட்சைக்குத் தனிப்பயிற்சி கொடுத்தவர். ஏறக்குறைய ஒரு டியூஷன் மாஸ்டரின் கைடு அது! விளக்கம் இல்லாததால் ஒவ்வொன்றையும் ராமானுஜன் தானே நிரூபித்துப் பார்க்க வேண்டியிருந்தது. விடை எழுதிய கைடை வாங்கிக் கொடுக்கும்போது இதையும் கொஞ்சம் நினைக்கலாம்.

★

அப்படியானால் டியூஷனால் பிரயோஜனம் உண்டா இல்லையா? உண்டு. அதைச் சொன்னவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் ப்ளூம். 1984-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவருக்கோ, இரண்டு மூன்று பேருக்கோ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, தப்பை அங்கங்கே திருத்தினால், சுமாரான மாணவன் சாதாரண வகுப்பில் நூற்றுக்கு 98 பேரைத் தாண்டுகிற அளவுக்கு வருகிறான் என்றார். பிற்பாடு வந்த ஆய்வுகளில் பலன் இத்தனை பிரமாதமாக வரவில்லை. ஆனால் பலன் உண்டு என்பதில் சந்தேகமில்லை.

இங்கேதான் நம் அப்பாக்களும் அண்ணன்களும் ஏமாறுகிற இடம். ப்ளூம் சொன்னது மூன்று பேர். நாம் காசு கட்டுவது மைக் வைத்த ஹாலில் எண்பது பேருக்கு. பகலில் பள்ளியில் அறுபது பேரோடு ஒரு லெக்சர். சாயங்காலம் எண்பது பேரோடு அதே லெக்சர். ராத்திரி யூடியூபில் லட்சம் பேரோடு அதே லெக்சர். 'புரியுது சார்' மட்டும் மூன்று தடவை.

நம் பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு. கூடப் படிப்பவர்களோடு பழகி அலசுவதில் இன்னொரு கால். மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வதில் மிச்சம் அரை. அப்போதுதான் ஒன்று முழுசாகும்.

பள்ளிக்கூடம் கொடுத்தது கால். டியூஷனில் இன்னொரு கால் வாங்கினால் அரையாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகாது. இரண்டும் அதே கால்தான். ஒரே பொருளை இரண்டு கடையில் வாங்கிவிட்டு வீட்டில் இரண்டு பொருள் இருப்பதாக நினைப்பது போல. மிச்ச முக்கால் பங்கும் பையனின் வாயில் இருக்கிறது. அதைத் திறக்க வைப்பவர்தான் வாத்தியார்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1790-களில் மெட்ராஸ் எழும்பூரில் அனாதைச் சிறுவர்களுக்குப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறையை அங்கே வைத்துப் பார்த்து, இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 'மெட்ராஸ் சிஸ்டம்' என்று பெயர் வைத்தார். அவர்கள் எடுத்துப் போனார்கள். நாம் மைக் வாங்கினோம்.

★

போன மாதம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு இளைஞர் என் மேஜைக்கு வந்தார். இருபத்தாறு வயசு. செங்கல்பட்டிலிருந்து தினம் ட்ரெயினில் வருகிறவர். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வீடு இவர் சம்பளத்தில் ஓடுகிறது.

"சார், தம்பி பிளஸ் டூ. மேத்ஸ் வரலை. க்ராஷ் கோர்ஸ்ல சேக்கணும். முப்பதாயிரம், ஒரே தவணைன்றாங்க. பர்சனல் லோன் போடலாமா?"

"மேத்ஸ்ல எது வரலை?"

"மேத்ஸே வரலை சார்."

டாக்டரிடம் போய் 'உடம்பு வரலை' என்கிற மாதிரி. "லோன் போடறதுக்கு முன்னாடி ரெண்டு ராத்திரி அவன்கூட உக்காருங்க. சொல்லிக்கொடுக்காதீங்க. அவனைச் சத்தமா சொல்லிக்கிட்டே ஒரு கணக்கு போடச் சொல்லுங்க. நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்றேன்.

நாலு நாள் கழித்து வந்தார். தம்பி ஒரு பெரிய கணக்கை ஜோராகத் தொடங்கியிருக்கிறான். பாதி வழியில் ஒரு சாதாரண வரி. மூணு எக்ஸ் ப்ளஸ் அஞ்சு ஈக்குவல்ட்டு இருபது. "அஞ்சு அந்தப் பக்கம் போனா மைனஸ் அஞ்சு. மூணு அந்தப் பக்கம் போனா மைனஸ் மூணு. எக்ஸ் பன்னெண்டு" என்றிருக்கிறான். அண்ணன் வாயைத் திறக்கவில்லை, நான் சொன்னபடி. ஆனால் உள்ளே சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த தங்கை திறந்துவிட்டாள். பிளஸ் ஒன் படிக்கிறவள்.

"சின்னண்ணா, அது எங்கயும் போகலை. தராசு மாதிரி. ரெண்டு தட்டுலேர்ந்தும் அஞ்சை எடு. பதினஞ்சு. அதை மூணாப் பிரி. எக்ஸ் அஞ்சு. பன்னெண்டுன்னா மூணு பன்னெண்டு முப்பத்தாறு, அஞ்சு சேத்தா நாப்பத்தொண்ணு. இருபது எப்படி ஆகும்?"

இளைஞர் இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவளுக்கு நாங்க டியூஷனே வைக்கலை சார். அவதான் நல்லாப் படிக்கறாளே, எதுக்குன்னு விட்டுட்டோம்."

எத்தனை வீடுகளில் இந்த வசனம்! நன்றாகப் படிக்காதவன் பையன் என்றால், 'வரலை, டியூஷன் வை'. நன்றாகப் படிப்பவன் பையன் என்றால், 'வருது, பெரிய இடத்துல டியூஷன் வை'. பெண் நன்றாகப் படித்தால் 'அதான் வருதே', படிக்காவிட்டால் 'அதான் வரலையே'. நடுவில் ராத்திரி எட்டு மணிக்கு வெளியே அனுப்ப முடியாது என்று ஒரு கதவு. எந்தப் பக்கம் கூட்டினாலும் அவள் கணக்கில் பூஜ்யம்.

"இனிமே தங்கச்சியே தம்பிக்குச் சொல்லித்தரட்டும்னு விட்டுடலாமா சார்?" என்றார்.

"விடலாம். ஆனா சப்பாத்தியை யார் தேய்க்கறது?" என்று கேட்டேன். பவணந்தி கணக்குப்படி சொல்லித்தருகிறவளுக்கு அரைப் பங்கு கிடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் அவளை சம்பளமில்லாத டியூஷன் டீச்சராகவும், சம்பளமில்லாத சமையல்காரியாகவும் ஒரே சாயங்காலத்தில் வைத்துக்கொண்டு, அதற்குக் கல்வி என்று பெயர் சூட்டக் கூடாது.

அவர் லோன் போடவில்லை. அதே தெருவில் ரிட்டயரான ஒரு கணக்கு டீச்சர், ஆறு பேருக்கு மேல் சேர்க்க மாட்டாராம். அண்ணன் தங்கை இரண்டு பேரையும் சேர்த்திருக்கிறார். சப்பாத்தி டிபார்ட்மென்ட்டை, ட்ரெயின் லேட் ஆகாத நாட்களில், தானே எடுத்துக்கொண்டிருக்கிறார். தம்பி என்ன மார்க் வாங்கினான் என்று கேட்காதீர்கள். பரீட்சை மார்ச்சில்தான்.

★

தம்பி தங்கைக்கு டியூஷன் ஃபீஸ் கட்டுகிற அண்ணன்மார்கள் இந்தப் பத்திரிகையை நிறைய படிக்கிறீர்கள் என்பதால், பர்ஸைத் திறப்பதற்கு முன் சில விஷயங்கள்.

பேட்ச்சில் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். ஏழெட்டுக்குள் என்றால் டியூஷன். எண்பது என்றால் அது பொதுக்கூட்டம். கட்டணமும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும்.

முதல் நாளே பாடம் தொடங்குகிறார்களா, பிள்ளைக்கு எங்கே ஓட்டை என்று பார்க்கிறார்களா? எட்டாவது கணக்கை பிளஸ் டூ பையனிடம் கொடுத்துப் பார்க்கும் வாத்தியாரைக் கண்டால் விடாதீர்கள். அவர் உங்களைக் கேவலப்படுத்தவில்லை, உங்கள் காசைக் காப்பாற்றுகிறார்.

'ரேங்க் உத்தரவாதம்' என்று எழுதியிருந்தால் படித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட கோச்சிங் வழிகாட்டு நெறிகளிலேயே அப்படி உத்தரவாதம் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. 16 வயதுக்குக் கீழ் சேர்க்கக் கூடாது, முழுப் பணம் கட்டியவர் நடுவில் நின்றால் மீதியைக் கணக்குப் பார்த்துப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. இவை வழிகாட்டு நெறிகள்தாம். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே 'நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பி வரும்' என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது உத்தமம்.

வகுப்பு வாத்தியாரே சாயங்காலம் வீட்டில் டியூஷன் எடுத்து, அங்கே வராத பிள்ளையைப் பகலில் முறைக்கிறார் என்றால், பயந்து சேர்க்க வேண்டாம். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 28-ஆம் பிரிவில், ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்றே சொல்கிறது. அது எழுதப்பட்டது எட்டாம் வகுப்பு வரையிலான கல்விக்கு என்றாலும், நியாயம் பிளஸ் டூவுக்கும் அதேதான்.

சாயங்கால வேளையில் நாலு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிற இளைஞர்களும் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு ஒன்றே ஒன்று. வாரத்தில் ஒரு நாள் சாக்பீஸை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் பாயில் உட்காருங்கள். 'இனிமே வேணாம் சார், நானே போட்டுக்கறேன்' என்று ஒருவன் சொன்னால் உங்களுக்கு ஒரு ஃபீஸ் போச்சு. அவனுக்கு ஆயுசுக்கும் ஒன்று வந்தது.

மற்றவர்களுக்குச் செலவில்லாத ஒரு யோசனை. பிள்ளை டியூஷன் விட்டு வந்ததும் 'இன்னிக்கு என்ன நடத்தினாங்க?' என்று கேட்பதை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பதில் 'இன்னிக்கு நீ என்ன கேட்டே?' என்று கேளுங்கள். முதல் நாள் திருதிருவென்று முழிப்பான். இரண்டாம் நாள் 'ஒண்ணும் கேக்கலை' என்பான். ஒரு மாதமாகியும் அதே பதில்தான் என்றால், பையனை மாற்ற வேண்டாம். டியூஷனை மாற்றுங்கள்.